டிசம்பரில் எதற்கு இன்னொரு கோப்பை?

2023 மே 20 முதல் 28 வரை டர்பன் பன்னாட்டு மாநாட்டு மையத்தில் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் நடந்தபோது, டர்பனின் இந்தியர் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தன. ஆப்பிரிக்க மண்ணில் அந்தப் போட்டி அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1939ல் கெய்ரோவில், நடந்திருக்கிறது. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அது நம் ஊருக்கு வந்தது. ஆண்கள் ஒற்றையர் இறுதியில் ஃபான் ஜெண்டோங் வாங் சுச்சினை 4–2 என்றும், பெண்கள் ஒற்றையர் இறுதியில் சுன் யிங்ஷா சென் மெங்கை 4–2 என்றும் வென்றனர். ஐந்து பட்டங்களும் சீனாவுக்கே போயின. அந்தப் போட்டிக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மே மாதம் உலகச் சாம்பியன் யார் என்று தீர்மானமாகிவிட்டபின், அதே ஆட்டக்காரர்கள் ஆண்டு முடிவில் இன்னொரு கோப்பைக்கு ஆடுகிறார்களே, அது எதற்கு?

கேட்பவர்கள் நினைப்பதைவிட இதற்கு விடை சொல்வது கடினம். உலகச் சாம்பியன்ஷிப் நாடுகள் கூடும் திருவிழா. 1926ல் லண்டனில் அது தொடங்கிய நாளிலிருந்து, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. கண்டத்துக்கு இத்தனை இடம், நடத்தும் நாட்டுக்கு இத்தனை இடம் என்று பங்கிட்டு, ஒற்றையரில் 128 பேரை அது சேர்க்கிறது. ஆண்டிறுதிப் போட்டியில் கொடிக்கு எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. அந்தப் பருவத்தில் உலகெங்கும் நடந்த தொழில்முறைப் போட்டிகளில் அதிகப் புள்ளி சேர்த்த 16 ஆண்களும் 16 பெண்களும் அழைக்கப்படுகிறார்கள். அவர்கள் எந்த நாட்டவர் என்று யாரும் கேட்பதில்லை. பதினாறில் ஐந்து பேர் சீனர்களாக இருந்தால் ஐந்து பேரும் ஆடுவார்கள். ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான் என்ற வரம்பு உண்டு. பேட்மின்டனின் ஆண்டிறுதிப் போட்டியிலும் அதே வரம்பு உண்டு. டேபிள் டென்னிஸின் ஆண்டிறுதியில் அது இல்லை. ஆகவே உலகின் உண்மையான முதல் வரிசையை ஒரே கூரையின் கீழ் முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

இதன் தோற்றம் 1996. அந்த ஆண்டு சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு, தனித்தனியே நடந்துகொண்டிருந்த ஓப்பன் போட்டிகளை 'புரோ டூர்' என்ற ஒரே சுற்றாகக் கோத்து, அதன் முடிவில் சிறந்தவர்களை மட்டும் அழைத்து 'கிராண்ட் ஃபைனல்ஸ்' நடத்தியது. முதல் போட்டி அந்த டிசம்பரில் சீனாவின் தியான்ஜின் நகரில் நடந்தது. 2012ல் சுற்றின் பெயர் 'வேர்ல்ட் டூர்' என்று மாறியது. கூட்டமைப்பு தன் வணிகப் பிரிவாக உருவாக்கிய 'வேர்ல்ட் டேபிள் டென்னிஸ்' என்ற நிறுவனம் 2021ல் சுற்றை எடுத்துக்கொண்டபின் ஆண்டிறுதிப் போட்டி முதலில் 'கப் ஃபைனல்ஸ்' என்றும், பிறகு வெறும் 'ஃபைனல்ஸ்' என்றும் அழைக்கப்பட்டது. நாள்காட்டியும் பெயரைப் போலவே அலைந்தது. 2021ல் சிங்கப்பூரில் டிசம்பரில் நடந்த போட்டி, 2022ல் சீனாவின் சின்ஷியாங் நகரில் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2023ஆம் ஆண்டுக்கான பெண்கள் போட்டி டிசம்பரில் நகோயாவிலும், ஆண்கள் போட்டி 2024 ஜனவரியில் தோகாவிலுமாகப் பிரிந்து நடந்தன. ஆண்டிறுதிப் போட்டி புத்தாண்டில் நடந்ததைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியவில்லை. 2024ல் ஃபுகுவோக்கா, 2025ல் ஹாங்காங் என்று இப்போது மறுபடியும் ஆண்டின் கடைசி வாரங்களுக்குள் வந்து நின்றிருக்கிறது.

பெயரையும் தேதியையும் விடுங்கள். புள்ளிகள் எப்படிச் சேருகின்றன என்பதுதான் இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ளும் வழி. சுற்றில் உள்ள போட்டிகள் படிப்படியாக அடுக்கப்பட்டவை. உச்சியில் 'கிராண்ட் ஸ்மாஷ்'. 2022ல் சிங்கப்பூரில் தொடங்கிய இது பின்னர் ஜித்தா, பெய்ஜிங், லாஸ் வேகஸ், மால்மோ ஆகிய நகரங்களுக்கும் பரவியது. அதை வெல்பவருக்கு 2000 புள்ளி. அடுத்து 32 பேர் மட்டுமே ஆடும் 'சாம்பியன்ஸ்' போட்டிகள், வென்றால் 1000. அதன் கீழே 'ஸ்டார் கன்டென்டர்' 600, 'கன்டென்டர்' 400, கடைசிப் படியில் 'ஃபீடர்' 125. ஆண்டிறுதிப் போட்டியை வென்றால் 1500. உலகத் தரவரிசையில் ஓர் ஆட்டக்காரரின் கடந்த பன்னிரண்டு மாதங்களில் மிகச் சிறந்த எட்டு முடிவுகள் மட்டுமே கூட்டப்படும்.

இந்த எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். ஒருவர் ஓர் ஆண்டில் எட்டு ஃபீடர் போட்டிகளில் விளையாடி எட்டையும் வென்றாலும் அவர் கணக்கில் சேருவது 1000 புள்ளிதான். அது ஒரே ஒரு சாம்பியன்ஸ் போட்டியை வென்றவரின் ஒரு வாரச் சம்பாத்தியத்துக்குச் சமம். சென்னையைச் சேர்ந்த சத்தியன் ஞானசேகரன் 2024ல் பெய்ரூட்டில் ஃபீடர் பட்டம் வென்றபோது, ஆண்கள் ஒற்றையரில் அந்தப் படியில் வென்ற முதல் இந்தியர் என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின; கொண்டாடியது சரிதான். ஆனால் அந்த வாரம் முழுதும் தோற்காமல் ஆடி அவர் ஈட்டியது 125. புள்ளி கொழுத்துக் கிடக்கும் போட்டிகளுக்குள் நுழைய முன்கூட்டியே உயர்ந்த தரவரிசை வேண்டும். உயர்ந்த தரவரிசைக்கு அந்தப் புள்ளி வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் பாட்டிமார் சொல்வது இந்தச் சுற்றுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இந்தச் சக்கரத்துக்குள் வெளியிலிருந்து புகுந்தவர்கள் இல்லாமலில்லை. நைஜீரியாவின் குவாட்ரி அருணா 2022ல் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே எட்டிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். (பெயரைக் கேட்ட என் அத்தை, "யாரம்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார், அருணா ஆண் என்று நம்பவைக்க வெகுநேரம் ஆனது.) அவர் 2021ல் ஹூஸ்டனில் உலகச் சாம்பியன்ஷிப் காலிறுதி வரை போனவர். எகிப்தின் ஓமர் அசார் டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதி ஆடினார். இந்த இருவரும் ஐரோப்பிய கிளப்புகளில் ஆடி, அங்கேயே தங்கி, அங்கிருந்து சுற்றின் போட்டிகளுக்குப் பறந்தவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. லாகோஸிலும் துனிசிலும் கன்டென்டர் நடந்திருக்கிறது. டர்பனிலேயே 2023 ஜனவரியில், மே மாதப் போட்டிக்கு ஒத்திகைபோல, ஒரு கன்டென்டர் நடந்தது. ஆனாலும் ஆண்டு முழுவதும் எட்டு நல்ல முடிவுகள் சேர்க்க வேண்டியவருக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் படிகள் போதாது. டர்பனில் வசிக்கும் ஓர் இளம் ஆட்டக்காரர் ஃபீடர் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் ஐரோப்பிய விசா, பிறகு ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ தோகா வழியாகவோ விமானம், அங்கே ஒரு வாரம் விடுதி. அத்தனையும் ராண்டில் சம்பாதித்து யூரோவில் செலவழிக்க வேண்டியவை. முதல் சுற்றில் தோற்றால் மறுநாளே திரும்ப வேண்டியதுதான். ஐரோப்பாவில் இருப்பவர் அதே ஃபீடருக்கு ரயிலில் போய் வருவார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வர வேண்டும். 1956ல், நிறவெறி அரசு வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில், ஐவர் மாண்டேகு தலைமையில் இருந்த சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு, வெள்ளையர் மட்டுமே கொண்ட தென்னாப்பிரிக்கச் சங்கத்தின் அங்கீகாரத்தை விலக்கி, எல்லா இனத்தாரையும் சேர்த்த தென்னாப்பிரிக்க டேபிள் டென்னிஸ் வாரியத்தை ஏற்றுக்கொண்டது. வேறெந்த விளையாட்டும் அப்போது அந்தத் துணிவைக் காட்டவில்லை. 1957ல் அந்த வாரியத்தின் அணி ஸ்டாக்ஹோமில் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடியது. அதன்பின் பிரிட்டோரியா அரசு ஆட்டக்காரர்களுக்குக் கடவுச்சீட்டு மறுத்து வாசலை அடைத்தது. அன்று உலக மேடைக்குப் போகும் வழி ஒரு சங்கத்தின் அங்கீகாரமாக இருந்தது. அதைக் கொடுக்கவும் பறிக்கவும் மனிதர்கள் இருந்தார்கள், அவர்களோடு வாதாடவும் முடிந்தது. ஆண்டிறுதிப் போட்டியின் வாசலில் அப்படி வாதாட யாரும் இல்லை. அங்கே இருப்பது ஒரு கூட்டல் கணக்கு. கணக்குக்கு நிறம் தெரியாது என்பது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குத் தூரமும் தெரியாது, விமானக் கட்டணமும் தெரியாது.

இனி, அந்தப் பதினாறு பேர் கூடியபின் நடப்பதைப் பார்க்கலாம். டென்னிஸின் ஆண்டிறுதியில் எட்டுப் பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வைக்கிறார்கள். ஒரு நாள் சறுக்கினாலும் அரையிறுதிக்குப் போக வழி உண்டு. டேபிள் டென்னிஸ் ஒற்றையர் ஆண்டிறுதி பதினாறு பேரை நாக் அவுட்டில் இறக்குகிறது. தோற்றால் பெட்டி கட்ட வேண்டும். ஆரம்பச் சுற்றுகள் ஐந்து கேம்கள் கொண்டவை, மூன்றை முதலில் வெல்பவருக்கு ஆட்டம்; இறுதி ஏழு கேம்கள் கொண்டது, அங்கே நான்கு. 2001க்கு முன் ஒரு கேம் 21 புள்ளி வரை போகும், ஐந்து ஐந்தாக செர்வ் மாறும். இப்போது 11 புள்ளி, இரண்டு இரண்டாக செர்வ். அதனால் ஒரு கேம் கண் மூடித் திறப்பதற்குள் கைவிட்டுப் போகும்.

இதில் ஆண்டின் சிறந்தவர் எவ்வளவு உறுதியாக வெல்வார் என்று கணக்கிடலாம். எதிரே யார் வந்தாலும் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 உள்ள ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். உலகின் முதல் பதினாறு பேருக்குள் இது மிகப் பெரிய மேலாதிக்கம். ஐந்து கேம் ஆட்டத்தை அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 68. ஏழு கேம் ஆட்டமாக நீட்டினால் அது 71 ஆகிறது, அவ்வளவுதான். நீண்ட ஆட்டம் வலியவருக்குச் சாதகம் என்று எல்லோரும் சொல்வது உண்மையானாலும் அந்தச் சாதகம் மூன்று விழுக்காடு மட்டுமே. கோப்பைக்கு நான்கு ஆட்டங்களை வரிசையாக வெல்ல வேண்டும். அவற்றில் இரண்டு ஐந்து கேம் ஆட்டங்கள், இரண்டு ஏழு கேம் ஆட்டங்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் விடை ஏறத்தாழ 23 அல்லது 24 விழுக்காடு வருகிறது. அதாவது எல்லோரையும்விடத் தெளிவாக உயர்ந்து நிற்கும் ஒருவர்கூட நான்கில் மூன்று முறை வெறுங்கையோடு திரும்புவார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதற்குக் கோப்பையைச் சாட்சியாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆண்டின் தீர்ப்பு அந்தப் பதினாறு பெயர்ப் பட்டியலில் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. கோப்பை சில நாட்களின் தீர்ப்பு.

அந்தக் கணக்கை மீறித் தொடர்ந்து வென்றவர்கள் அப்படியானால் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்க வேண்டும்! சென் மெங் 2017 முதல் 2020 வரை பெண்கள் ஒற்றையரை நான்கு முறை தொடர்ந்து வென்றார். மா லோங் 2015லும் 2016லும் அடுத்தடுத்து வென்று, நான்கு ஆண்டுகள் கழித்து, தொற்றுக்காலத்தில் ஜெங்ஜோவில் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் நடந்த 2020 போட்டியிலும் வென்றார். பெண்கள் ஒற்றையர் பட்டம் 2014ல் ஜப்பானின் கசுமி இஷிகாவா பாங்காக்கில் வென்றபின் சீனாவை விட்டு வெளியே போகவில்லை. ஆண்களில் நிலை சற்று வேறு. 2010 முதல் சீனர் அல்லாதவர்கள் நான்கு முறை வென்றிருக்கிறார்கள், நான்கு முறையும் வென்றவர் ஜப்பானியர்: ஜுன் மிசுதானி 2010லும் 2014லும், தோமொகாசு ஹரிமோட்டோ 2018லும் 2025லும்.

ஹரிமோட்டோவின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டில் நல்லிணக்க நாள். அது ஞாயிறில் விழுந்ததால் திங்கட்கிழமை விடுமுறை. கொரியாவின் இன்ச்சோன் நம்மைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருப்பதால், அண்ணன் வீட்டில் பிரியாணி தாளிக்கும் நேரத்திலேயே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பதினைந்தே வயதான ஒரு சிறுவன் லின் காவ்யுவானை இறுதியில் வீழ்த்தி, ஆண்டிறுதிப் பட்டத்தை மிக இளம் வயதில் வென்றவன் ஆனான். ஒவ்வொரு புள்ளிக்கும் அவன் போட்ட கத்தலில் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அன்று அவனைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இனி அவன் காலம் என்றார்கள். ஆனால் அடுத்த பட்டம் எளிதில் வரவில்லை. 2024ல் ஃபுகுவோக்காவில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில், இறுதியில் வாங் சுச்சினிடம் தோற்றார். அதே போட்டியில் பெண்கள் பட்டம் வாங் மன்யூவுக்குப் போனது. ஏழு ஆண்டுகள் கழித்து 2025 டிசம்பரில் ஹாங்காங்கில்தான் ஹரிமோட்டோ மீண்டும் கோப்பையைத் தொட்டார். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் உலகின் முன்னணி வரிசையை விட்டு விலகியதே இல்லை. ஆண்டுதோறும் பட்டியலில் இடம்பிடித்தும் கோப்பைக்கு இவ்வளவு காலம் காத்திருந்தவர் அவர்.

வேர்ல்ட் டேபிள் டென்னிஸ் சுற்றை எடுத்துக்கொண்டபின் முதன்முறையாக ஹாங்காங்கில்தான் ஆண்டிறுதிப் போட்டியில் கலப்பு இரட்டையர் சேர்க்கப்பட்டது. கொரியாவின் லிம் ஜோங்-ஹூன், ஷின் யூ-பின் இணை அதை வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை நோக்கிய நகர்வு என்பதைத் தவிர இதில் அதிகம் சொல்வதற்கில்லை.

கூடுதலாகப் பேச வேண்டியது 2024 டிசம்பர் இறுதியில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற ஃபான் ஜெண்டோங்கும் சென் மெங்கும் உலகத் தரவரிசையிலிருந்தே தங்கள் பெயரை நீக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். போட்டியில் கலந்துகொள்ளாவிட்டால் அபராதம் என்ற விதியை ஃபான் காரணமாகச் சொன்னார். தரவரிசையின் உச்சியில் இருப்பவர்கள் குறிப்பிட்ட பெரிய போட்டிகளில் கட்டாயம் ஆட வேண்டும். ரசிகர்களும் தொலைக்காட்சியும் பணம் கொடுப்பது அவர்களைப் பார்ப்பதற்குத்தானே என்பது நடத்துபவர்களின் நியாயம். ஒலிம்பிக் முடிந்து உடலும் மனமும் ஓய்வு கேட்கும் ஒருவர் அதற்காகப் பணம் கட்ட வேண்டுமா என்பது ஆட்டக்காரரின் நியாயம். டர்பனில் நம் கண் முன்னே உலகச் சாம்பியனான அதே ஃபான், இப்படிப் பட்டியலிலிருந்தே வெளியேறியபோது இங்கே பலருக்கும் அதிர்ச்சிதான். எனக்கு அந்தச் செய்தி இந்தச் சுற்றின் இரு முனைகளையும் ஒருசேரக் காட்டியது. ஒரு முனையில், வர முடியாதவர்கள்: பயணச் செலவாலும் விசாவாலும் வாசலிலேயே நின்றுவிடுபவர்கள். மறுமுனையில், வராமல் இருக்க முடியாதவர்கள். இருவரையும் கட்டிவைப்பது பன்னிரண்டு மாதங்களில் எட்டு முடிவுகள் என்ற அதே கணக்குதான். முதலாமவருக்குப் போட்டிகள் போதவில்லை, இரண்டாமவருக்குத் தாங்க முடியாத அளவுக்கு இருக்கின்றன.

போட்டி நடந்த ஊர்களைப் பார்த்தாலும் இதே படம்தான். தியான்ஜினில் தொடங்கி, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில் லண்டன், பிறகு ஹாங்ஜோ, துபாய், பாங்காக், லிஸ்பன், தோகா, அஸ்தானா, இன்ச்சோன், ஜெங்ஜோ, சிங்கப்பூர் என்று ஆசியாவைச் சுற்றிச் சுற்றி, எப்போதாவது ஐரோப்பாவை எட்டிப் பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஒரு முறையும் நடக்கவில்லை. மாநாட்டு மையம் இருக்கிறது, உலகச் சாம்பியன்ஷிப்பே நடத்திக் காட்டிய அனுபவமும் இருக்கிறது. டிசம்பரில் இங்கே பள்ளி விடுமுறை, கடற்கரை முழுக்கக் கூட்டம். இருந்தும் இந்தப் போட்டியின் பெரும்பாலான ரசிகர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் மாலை நேரம் என்பது பெய்ஜிங்கின் மாலை. டர்பனில் இரவு ஏழு மணிக்கு இறுதியாட்டம் வைத்தால் பெய்ஜிங்கில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி.

ஆகவே நம் பங்குக்கு நாம் மத்தியானத்தில் பார்க்கிறோம். ஹாங்காங் நமக்கு ஆறு மணி நேரம் முன்னால், ஜப்பானும் கொரியாவும் ஏழு மணி நேரம். அவர்களின் இரவு ஆட்டம் நம் சாப்பாட்டு வேளை. ஆட்டம் முடிந்த சில வாரங்களில் வளைகுடா நகரங்களில் புதிய பருவம் தொடங்கிவிடும். பட்டியல் மறுபடியும் முதலிலிருந்து எழுதப்படும். ஹாங்காங்கில் ஹரிமோட்டோ வென்ற 1500 புள்ளிகள் உலகத் தரவரிசையில் அவர் கணக்கில் பன்னிரண்டு மாதம் நிற்கும். அதன்பின் அவை நீக்கப்படும்.